முதுவேனில் யாத்திரை

அமைதி சிவஞானியர்க்கு இலக்கணம் எனச் சாத்திரங்கள் ஓதும். ஐயமுந் திரிபும் அகன்ற உள்ளம், காற்றில்லாத இடத்து விளக்குப் போல அசைவற நிற்கும் என்பர் ஆன்றோர். ஆயின் நம் சமயாசாரியர் வரலாற்றை நோக்குமிடத்து, ஐயம் ஒருசிறிதும் இல்லாத அப்பெருமக்களே ஓரிடத்தும் இருப்புக்கொள்ளாது தலந்தோறும் நடந்தனர் எனக் காண்கின்றோம். திருநாவுக்கரசு சுவாமிகள் முதுமைப் பருவத்தும் உழவாரப்படையைக் கைவிடாது, ஊரூராய்ச் சென்று திருமுற்றங்களைச் செப்பஞ் செய்தார். நிலைத்த அன்பும் நிலையாத நடையும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்றல் யாங்ஙனம்? இருப்புக்கொள்ளாமை நம்பிக்கைக் குறைவின் அடையாளமா? அன்றி நம்பிக்கை நிறைவின் பயனா?

இவ்வினா நூல்வழியாக மட்டும் ஆராய்தற்குரியதன்று. ஒருவர் வாழ்க்கையில் வைத்துக் காணுதற்கும் உரியது. அதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு முதுவேனிற் காலத்தே கடல்கடந்து செய்த யாத்திரையாம். அவ்யாத்திரையில் அவர் பெற்ற பட்டத்தை யாவரும் அறிவர். அவர் எதனைத் தேடிச் சென்றார், எத்தகைய மனநிலையோடு சென்றார் என்பதை எண்ணிப் பார்ப்பார் சிலரே.

நாவலர் பெருமான் 1822ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 18ஆந் தேதி, சித்திரபானு வருடம் மார்கழி மாதத்தில், நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார். சரவணமுத்துப் புலவரிடத்தும் இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். ஆங்கிலம் கற்கும் பொருட்டு வெஸ்லியன் சங்கத்தார் யாழ்ப்பாணத்தில் நடாத்திய பாடசாலையிற் சேர்ந்து, பின்னர் அங்கேயே ஆசிரியருமாயினார். அப்பாடசாலைத் தலைவர் பேர்சிவல் பாதிரியார் தமிழறிஞர். மாணாக்கரின் தகுதியறிந்து மதித்தவர். அவர் விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்த்தபோது, பிழையற்ற நடைக்குத் துணையாக ஆறுமுகப்பிள்ளையையே வைத்துக்கொண்டார். அம்மொழிபெயர்ப்பைச் சென்னைப் பண்டிதராகிய மகாலிங்கையருக்குக் காட்டும் பொருட்டு, இருவரும் ஒருமுறை சென்னைக்குச் சென்று வந்ததும் உண்டு.

இங்கேதான் அவருடைய உள்ளப் போராட்டம் தொடங்கிற்று எனல் வேண்டும். பிலவங்க வருடம் மார்கழி மாதம், 1847ஆம் ஆண்டு திசம்பர் 31ஆந் தேதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே அவர் தம் சைவப்பிரசங்கத்தைத் தொடங்கினார். அது முதல் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடந்தது. கடவுள் ஒருவரே என்பதும், சிவலிங்க வழிபாடும், தீட்சையும், கொல்லாமையும், கள்ளுண்ணாமையும், தானமும், ஒழுக்கமும் அப்பிரசங்கங்களின் பொருளாயின. பகற்பொழுதிலே பாதிரிமார் பாடசாலையில் ஊழியம். அவர்தம் வேதத்துக்குத் தமிழ் திருத்தும் பணி. வெள்ளிக்கிழமை மாலையிலே சிவசந்நிதியிற் சிவபரத்துவம் பேசும் தொண்டு. இவ்விரண்டையும் ஓருடம்பில் தாங்கிநின்ற இருபத்தைந்து வயது இளைஞரின் மனம் இருப்புக்கொண்டிருத்தல் கூடுமோ? கீலக வருடமாகிய 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டே வெஸ்லியன் பாடசாலை உத்தியோகத்தையும் விடுத்தார். வேதனத்தை உயர்த்தித் தருவதாகப் பேர்சிவல் பாதிரியார் வேண்டியும் அவர் இசைந்திலர் என அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர்.

ஈண்டு ஓர் ஒப்புநோக்குச் செய்தல் பயனுடைத்து. நாவலர் ஊழியம் புரிந்த பாடசாலை எவர் பெயரால் அமைந்த சங்கத்தினதோ, அந்த ஜான் வெஸ்லி என்பவரும் இருப்புக்கொள்ளாமையால் வருந்தியவரே. அவர் 1735ஆம் ஆண்டு இங்கிலாந்தினின்றும் கப்பலேறி, அமெரிக்காவின் ஜார்ஜியா நாட்டுப் பழங்குடிகளுக்குத் தம் சமயத்தைப் போதிக்கச் சென்றார். நடுக்கடலிற் பெரும்புயல் எழுந்தது. கப்பலிலிருந்த ஜெர்மானியராகிய மொராவிய சபையார் அஞ்சாது தோத்திரம் பாடிக்கொண்டிருக்க, போதகராகிய தாம் மரணத்துக்கு அஞ்சி நடுங்கியதை அவர் தம் நாட்குறிப்பில் மறையாது எழுதினார். பிறரை மனந்திருப்பச் சென்ற தம்மை மனந்திருப்புவார் யாவர் என ஏங்கியபடியே 1738ஆம் ஆண்டு தாய்நாடு திரும்பினார். அவ்வாண்டு மே மாதம் 24ஆந் தேதி இலண்டன் நகரத்து ஒரு கூட்டத்திலே லூதரின் உரையொன்று படிக்கப்பட்டபோது தம் நெஞ்சம் கனிந்ததை உணர்ந்தார். அதன்பின்னும் ஆறாது, அம்முதுவேனிலிலேயே ஜெர்மனிக்கு நெடும்பயணம் போய், ஹெர்ன்ஹூட் என்னும் ஊரிலிருந்த மொராவிய சபையாரைக் கண்டு செப்டம்பரில் மீண்டார். பிறர்க்கு உபதேசிக்கச் செல்வோன் தன்னெஞ்சை முதற்கண் சோதித்தல் வேண்டும் என்னும் உண்மையை இவ்வரலாறு உணர்த்துகின்றது. எச்சமயத்து நின்றோர்க்கும் அவரவர் பக்குவத்துக்கேற்ப அருள்செய்வோன் ஒருவனே என்பது சித்தாந்தத் துணிபாகலின், அம்மெய்ம்மையை நாம் மதித்தற்குத் தடையில்லை.

எனினும் இருவர் இருப்புக்கொள்ளாமையும் ஒருதன்மையவல்ல. ஒருவர் நம்பிக்கையைத் தேடிக் கடல்கடந்தார்; மற்றவர் நம்பிக்கைக்கு வேண்டும் கருவியைத் தேடிக் கடல்கடந்தார். முன்னையது தாகத்தாற் பிறந்த தவிப்பு. பின்னையது, நீர் நிறைந்த ஏரிக்கு மடை வேண்டும் என்னும் தவிப்பு. நாவலர் தேடிய மடை யாது? அச்சியந்திரம்.

அக்காலத்து நிலையை அறிந்தாலன்றி இதன் அருமை விளங்காது. தமிழ் எழுத்து அச்சேறியது புதிதன்று. 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் கிறித்தவச் சிறுநூல் தமிழில் அச்சாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியிலே பாதிரிமார் அச்சுக்கூடம் அமைத்தனர். ஆயின் நெடுங்காலம் அக்கருவி பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்தது. திருக்குறள் சென்னையில் அச்சானது 1812இல்தான். இந்நாட்டார் தடையின்றி அச்சுக்கூடம் நடாத்தச் சட்டம் வழிவிட்டது 1835ஆம் ஆண்டில். யாழ்ப்பாணத்திலோ மானிப்பாயில் அமெரிக்கப் பாதிரிமாரின் அச்சுக்கூடம் நடைபெற்றது. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை தோன்றிற்று; 1842இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. பாதிரிமார் பாடசாலைப் பிள்ளை ஒவ்வொருவன் கையிலும் அச்சுப்புத்தகம் இருந்தது. வண்ணார்பண்ணைச் சைவப்பிள்ளைக்கோ ஏடே கதி.

ஏட்டின் இயல்பை இக்காலத்தார் பலர் அறியார். ஒரு நூலைப் பெயர்த்தெழுத மாதக்கணக்காகும். எழுத்தாணியால் எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நிற்கும். ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றும். இலக்கணமும் பொருளும் முன்னரே அறிந்தவனே ஏட்டைப் பிழையறப் படித்தல் கூடும். ஆகவே கற்றவனுக்கு ஏடு துணையாகுமேயன்றி, கல்லாத சிறுவனுக்குத் தானாக வழிகாட்டாது. இதனோடு செல்லும் இராமபாணமும் வேறு. நூறு பிள்ளைகளை ஒருங்கு வைத்துச் சமயநூல் கற்பிக்கப் புகுந்த ஆசிரியருக்கு இக்குறை நாடோறும் கண்ணிற் குத்துவதாயிற்று. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைக் கேட்டோர் உருகினர். ஆனாற் பேச்சு காற்றோடு போம். மறுநாட் காலையிலே அவர் கைக்கு வருவது எதிர்ப்பக்கத்தாரின் அச்சுக் கடிதமே. இந்நிலை நாவலரை இருக்கவொட்டவில்லை.

சௌமிய வருடம், 1849ஆம் ஆண்டு சூலை மாதத்திலே, நல்லூர்ச் சதாசிவப்பிள்ளையைத் துணைக்கொண்டு அவர் புறப்பட்டார். இச்சதாசிவப்பிள்ளை, பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் வேறாவர். நாவலருக்குத் தொண்டுபூண்டு, அவர் நிலையங்களைப் பிற்காலத்திற் பேணியவர். அது தமிழ்நூலார் முதுவேனில் என வகுத்த ஆனி ஆடிப் பருவம். யாழ்ப்பாணத்துக் கரையிலே சோளகக் காற்று வீசுங் காலம். கோடிக்கரைக்கும் யாழ்ப்பாணத்து வடகரைக்கும் இடையே கடல் ஏறக்குறைய 35 மைல். அதனைக் கடந்து சோழநாட்டை அடைந்தாலும் சென்னை மாநகரம் நெடுந்தூரம். தென்னாட்டில் முதற் புகைவண்டி ஓடியதே 1856ஆம் ஆண்டிலாகலின், வண்டிமாடும் கால்நடையும் அன்றி வேறு வழியில்லை. ஓராண்டு மட்டுமே நிரம்பிய பாடசாலையைப் பின்னே விட்டுச் செல்வதும் எளிதன்று. பிரிந்த இடத்தில் தளர்ச்சி வருமோ, சென்ற இடத்திற் பொருள் கைகூடுமோ என்னும் இருபக்கக் கவலைக்கும் இடமுண்டு. இருபத்தாறு வயதிலே அக்கவலையைச் சுமந்து அவர் சென்றார்.

செல்லும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்தார். திருமூல நாயனார் யோகத்தில் எழுந்தருளியிருந்த தலம் அது. நமச்சிவாய மூர்த்திகள் தோற்றுவித்த மடம் அது. மாதவச் சிவஞான முனிவர் வாழ்ந்து மாபாடியம் அருளிய மரபு அது. சித்தாந்த நூல்களும் இலக்கண இலக்கியங்களும் ஏடுகளாய்க் குவிந்து கிடந்த கல்விக் களஞ்சியம். அங்குள்ள வித்துவான்கள் கூடிய அவையிலே யாழ்ப்பாணத்து இளைஞர் பிரசங்கித்தார். பாடங்கேட்ட நூலிலே பழுத்த பெரியோர் நிறைந்த அவையிற் பேசுதல், கோயில் வாயிலிற் பொதுமக்களுக்குப் பேசுதல் போன்றதன்று. சொல்லொன்று வழுவினும் பொறார். அவ்வவை மகிழ்ந்தது. சந்நிதானம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை அளித்தருளிற்று. அன்றுமுதல் அவருடைய இயற்பெயரே அப்பட்டத்தோடு கலந்துவிட்டது.

இதனோடு யாத்திரை முற்றியிருக்குமாயின், ஊர்ப்புகழுக்கு அது போதும். பட்டம் பெற்றவர் பல்லக்கேறி ஊர் திரும்புதல் உலகவழக்கு. நாவலரோ மேலும் நடந்து சென்னையை அடைந்தார். நாவன்மைக்குப் பட்டம் பெற்றவர், நாவினும் நெடுங்காலம் பேசும் ஈய எழுத்தைத் தேடிப் போயினார் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு. சென்னையிலே மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை உரையோடும், சௌந்தரியலகரியை உரையோடும் அச்சிடுவித்தார். இவ்விரண்டையும் தெரிந்தெடுத்த முறை நோக்கத்தக்கது. ஒன்று சொற்பொருள் கற்கும் மாணாக்கனுக்கு; மற்றது அம்மையை வழிபடும் அன்பனுக்கு. கல்வியும் பத்தியும் ஒருங்கு வளர்தல் வேண்டும் என்னும் அவர் வாழ்நாட் கொள்கை அவ்விரு நூல்களிலேயே வித்தாய்க் கிடக்கின்றது. அச்சியந்திரமும் விலைகொண்டு யாழ்ப்பாணம் மீண்டார். வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலை தோன்றிற்று.

அதன் பயனை விரிக்கிற் பெருகும். 1850, 1851ஆம் ஆண்டுகளிற் பாலபாடங்கள் வெளிவந்தன. 1852இல் பெரியபுராண வசனம் வந்தது. செய்யுள் அறியாத ஆணும் பெண்ணும் அறுபத்துமூவர் சரித்திரத்தை வீட்டிலிருந்தே படித்தறிய வழியாயிற்று. 1853இல் திருமுருகாற்றுப்படை உரை. 1854இல் சைவதூஷண பரிகாரம். நன்னூல் விருத்தியுரையும் அவர் பதிப்பாய் வந்தது. எமக்கு மடத்திற் பாடஞ்சொன்ன பெரியோர், ஓரிடத்துப் பாடவேறுபாடு எழுமாயின், ‘நாவலர் பதிப்பில் எவ்வாறு உள்ளது?’ என்றே முதலில் வினவுவர்; ஏடு பார்த்தல் அதன்பின்னரே. பிழையற்ற பதிப்பு என்னும் எண்ணத்தையே தமிழுலகுக்கு ஊட்டியவர் அவர்.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவாம். தாம் உத்தியோகத்தை விடுத்ததற்கும் இல்லறத்திற் புகாததற்கும் காரணம் யாது என்பதை நாவலரே பிற்காலத்துச் சைவசமயிகளுக்கு எழுதிய விக்கியாபனத்திலே வெளியிட்டுள்ளார். சைவத்தையும், அதற்குக் கருவியாகிய கல்வியையும் வளர்த்தல் வேண்டும் என்னும் பேராசையே காரணம் என்பது அவர் கூற்றின் கருத்து. ஆசையை அறுத்தல் வேண்டும் என மேடைதோறும் போதித்தவர், தம் உள்ளத்து நின்றதைப் பேராசை என்றே பெயரிட்டது வியப்பன்றோ? தம் தவிப்பை அவர் தவமென்று புனைந்துரைக்கவில்லை. ஞானமென்று மெருகிடவும் இல்லை. உள்ளதை உள்ளவாறே உரைத்தார்.

சித்தாந்தம் இதனை எவ்வாறு கொள்ளும்? ஆன்மாவுக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் உள. மலமறைப்பினுள் நின்று ‘யான், எனது’ என விரியும் இச்சையே பற்றெனப்படும். அது பிறவிக்கு வித்து. அவ்விச்சையே சிவத்தைப் பற்றி நிற்குமாயின் அன்பெனப் பெயர்பெறும். இச்சை முற்றும் அவிந்து கல்போற் கிடத்தலை முத்தியென்பார் பிறர். நம்மவர் அதனைக் கொள்ளார். சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் உணர்த்தும் இறைபணி நிற்றல் என்பது செயலின்மையன்று, தன்செயல் அறுதல். கால் நடக்கும், கை உழைக்கும், வாய் பேசும்; ஆயின் ‘நான் செய்கின்றேன்’ என்னும் முனைப்பு இராது. எனவே இருப்புக்கொள்ளாமை என்பது தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அது எதன்கீழ் அடங்கி நிற்கின்றது என்பதே ஆராயத்தக்கது.

நாவலர் பேராசை எதன்கீழ் அடங்கிற்று என்பதை அவ்யாத்திரையின் வழியே காட்டுகின்றது. யந்திரத்தைத் தேடிச் சென்றவர், முதலில் மடத்தின் வாயிலில் நின்றார். மரபுவழி வந்த பெரியோர் முன்னே தம் கல்வியை வைத்து அவர்தம் இசைவைப் பெற்றார். அதன்பின்னரே யந்திரத்தைத் தொட்டார். அச்சுப்புத்தகம் குருமுகக் கேள்வியைக் கெடுத்துவிடாதோ எனக் கவல்வார் உளர். குருவின்றி ஏட்டைத் திறப்பவனையும் அக்குற்றம் பற்றும். புத்தகத்தின்மேல் மட்டும் அதனை ஏற்றுதல் நீதியன்று. குருமரபின் ஆணையைத் தலைக்கொண்டு அச்சிட்ட நூல், குருவின் குரலைத் தொலைவிலுள்ளார்க்கும் கொண்டு சேர்க்கும் தூதாகும். ஆணையின்றி விரைவாற் பதித்த நூலோ பிழையைப் பெருக்கும் வாயிலாகும். இவ்வேறுபாட்டை அறிந்தமையாற்றான் நாவலர் பதிப்புக்கள் இன்றும் அளவுகோலாய் நிற்கின்றன.

பிறரிடத்துக் கற்றதை மறைத்தலும் அறமன்று. வாரந்தோறும் கூட்டங்கூட்டிப் பிரசங்கித்தல், வகுப்பு வகுப்பாய்ப் பாடபுத்தகம் அமைத்தல், சிறுபிரசுரம் வெளியிடல் ஆகிய முறைகளைப் பாதிரிமாரிடமிருந்தே நாவலர் நேரிற் கண்டறிந்தார். கருவி அவரது, கருத்து நம்மது. வெஸ்லியன் பாடசாலையிற் கழிந்த ஆண்டுகளை வீணென்று அவர் கழித்துவிடவில்லை. பேர்சிவல் பாதிரியாரும் பின்னாளிற் சென்னையில் தினவர்த்தமானி என்னும் தமிழ்ப் பத்திரிகையை 1855 முதல் நடாத்தினார். ஆசிரியரும் மாணாக்கரும் சமயத்தால் எதிரெதிர் நின்றும், தமிழ் அச்சுக்கு இருவரும் உழைத்தனர். திருவருளின் போக்கு இவ்வாறு மறைந்தும் நடக்கும்.

1849க்குப் பின்னும் நாவலர் இருப்புக்கொண்டவரல்லர். மீண்டும் மீண்டும் கடல் கடந்தார்; சென்னையிலும் அச்சிடுவித்தார்; 1864இல் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1879ஆம் ஆண்டு திசம்பர் 5ஆந் தேதி, பிரமாதி வருடம் கார்த்திகை மாதம், ஐம்பத்தேழு வயது நிரம்புமுன்னே சிவபதம் அடைந்தார். அவர் நினைத்தவெல்லாம் முற்றின என்று சொல்லுதற்கில்லை. நினைத்தது முற்றாமையும் இறைபணி நிற்பார்க்கு இழுக்கன்று. பணி அவர்க்கு, பயன் இறைவற்கு.

இக்காலத்துச் சைவநன்மக்களிலும் மனம் அமையாதார் பலர். கோயிலிற் கூட்டம் மிகுந்தும் கல்வி குறைவதைக் கண்டு வருந்துவார் உளர். பாடசாலை திறந்தும் பிள்ளைகள் வாராமையைக் கண்டு நொந்துகொள்வார் உளர். ‘எனக்கு இத்தனை கலக்கம் இருத்தலின் என் பத்தியே பொய்யோ’ எனத் தம்மைத் தாமே ஐயுறுவாரும் உளர். அன்னோர் தம் கலக்கத்தை அடக்கிக் கொல்லுதல் வேண்டா; அதனைத் தம் தகுதியாகக் கொண்டு தருக்குதலும் வேண்டா. மூத்தோர் முன்னே அதனை வைத்து வழிகேட்டு, செய்யத்தக்கதொரு பணியிற் பிணித்தல் வேண்டும். ஒரு சிறுவனுக்கு ஒரு பதிகம் பிழையறக் கற்பித்தலும், செல்லரிக்கும் ஓர் ஏட்டைப் பெயர்த்தெழுதிப் பேணுதலும் அத்தகைய பணிகளே. பணியிற் பிணிப்புண்ட கலக்கம் தொண்டாகும். பிணிப்பின்றி அலையும் கலக்கம் நோயாகும். முன்னையது நம் எல்லோர்க்கும் வாய்க்கத் தில்லைக்கூத்தன் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.